வாழைக்கு ஆண் வேண்டாம், பனைக்கு வேண்டும்

தென்மாவட்டங்களில் வாழைத் தோட்டத்து வரப்பில் பனைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இனப்பெருக்கத்தின் இரண்டு வழிகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நாம் சாப்பிடும் வாழையில் முளைக்கும் விதை கிடையாது. அடிக்கிழங்கிலிருந்து பக்கக்கன்று வருகிறது. அதைப் பெயர்த்து நட்டால் இன்னொரு வாழை. தாய்க்கும் கன்றுக்கும் மரபுப் பொருள் ஒன்றே. பனை அப்படி இல்லை. ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. ஆண் பனையின் மகரந்தம் பெண் பனையின் பூவை எட்டினால்தான் நுங்கு பிடிக்கும். வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லவும் முடியாது. பாளை விடும் வரை பன்னிரண்டு, பதினைந்து வருடம், சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும்.

ஒரு தாவரம் ஆணே இல்லாமல் நன்றாகப் பெருகும்போது, இன்னொன்று ஏன் இத்தனை காத்திருப்புக்கும் அலைச்சலுக்கும் உட்படுகிறது? மனித ஆணின் இனப்பெருக்க மண்டலத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி. பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்ததோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. பல வகுப்புகளில் அதுவும் நடப்பதில்லை; 'இதை வீட்டிலேயே படிச்சுக்கோங்க' என்ற ஒரு வரியோடு பக்கங்கள் புரட்டப்படுகின்றன. அந்த உறுப்புகள் எதற்காக அப்படி அமைந்தன என்பது சொல்லப்படாமலே போகிறது. அந்த இடைவெளியில்தான் பயமும் பொய் வைத்தியமும் புகுந்துகொள்கின்றன.

முதலில் பாலிலா இனப்பெருக்கம். அமீபா இரண்டாகப் பிரிகிறது. ஈஸ்ட்டும் ஹைட்ராவும் உடலில் மொட்டு விட்டு அதைத் தனி உயிராக்குகின்றன. கரும்புக்குக் கரணை, மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் கிழங்கு, முருங்கைக்குப் போத்து, மரவள்ளிக்குக் குச்சி, ரணகள்ளிக்கு ஓர் இலையே போதும். இதன் சௌகரியம் வெளிப்படையானது. துணை தேட வேண்டியதில்லை. ஒன்று இருந்தாலே வம்சம் நடக்கும். வேகமும் அதிகம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு நல்ல சூழல் கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். அவரைக் கொடியில் அசுவினி ஒரே வாரத்தில் அப்பிக்கொள்வது எப்படி? பெண் பூச்சிகள் ஆணின் துணையின்றியே குட்டி போட்டுக்கொண்டே போகின்றன. அந்தக் குட்டிகளும் பெண்களே. குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் நெருங்கும்போதுதான் இதே அசுவினி ஆண்களையும் ஈன்று, இணைசேர்ந்து முட்டையிடுகிறது. காலம் நன்றாக இருந்தால் பிரதி எடுப்பது, காலம் மாறப்போகிறது என்றால் கலப்பது. பல உயிர்களில் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கும் முறை இது.

பிரதி எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலை நாடுகள் இறக்குமதி செய்து தின்ற வாழை பெரும்பாலும் க்ரோ மிஷெல் என்ற ஒரே ரகம். மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் இருந்த அத்தனை மரங்களும் ஒன்றுக்கொன்று நகல். மண்ணில் வாழும் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை ஒரு மரத்தைச் சாய்க்கக் கற்றுக்கொண்டதும், எல்லா மரங்களையும் சாய்க்கக் கற்றுக்கொண்டதாக ஆகிவிட்டது. 1960 வாக்கில் அந்த ரகத்தின் ஏற்றுமதி வணிகம் முடிந்தே போனது. அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. தேனியில் ஏக்கர் ஏக்கராக விளையும் ஜி-நைன் அந்தக் குடும்பம்தான். இப்போது அதே பூஞ்சையின் புதிய வகை கேவண்டிஷையும் தாக்குகிறது. நம் ரஸ்தாளி வாடல் நோய்க்கு எவ்வளவு எளிதில் பலியாகும் என்பதை நட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

இரண்டு வழிகளையும் சேர்த்து மனிதன் பயன்படுத்திய கதை ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது. கரும்பை விவசாயி கரணை போட்டுத்தான் வளர்க்கிறார். ஆனால் கரணையிலிருந்து புது ரகம் பிறக்காது. கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து முளைக்கும் விதை தரும் என்பதால் 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்பான கரும்பைக் காட்டில் வளரும் நாணல் இனத்தோடு கலந்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205 அப்படிப் பிறந்தது. ஒரு பெற்றோரிடமிருந்து சாறு, இன்னொன்றிடமிருந்து குளிரையும் வறட்சியையும் தாங்கும் உரம். வட இந்தியாவின் கரும்பு வயல்களை மாற்றிய வரிசை அங்கிருந்து தொடங்கியது. புதியதை உண்டாக்க ஆணும் பெண்ணும் தேவைப்பட்டன. உண்டானதை அப்படியே பெருக்கக் கரணை போதுமானதாக இருந்தது.

மலேரியா ஒட்டுண்ணி இந்த இரண்டையும் தானாகவே பங்கிட்டுக்கொள்கிறது. மனித ரத்தத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் பிளவுபட்டுப் பிளவுபட்டுப் பெருகும். கொசுவின் வயிற்றுக்குள் போனதும் ஆண், பெண் இனச்செல்களை உண்டாக்கிக் கலக்கும். கொசு குடித்த ரத்தம் சில பாகை குளிர்வதும் ஆண் இனச்செல்கள் உருவாவதற்கான தூண்டுதல்களில் ஒன்று. ஆண் இனச்செல்லுக்கும் குளிர்ச்சிக்கும் இங்கே இருக்கும் தொடர்பு, வேறு காரணத்தால், மனித உடலிலும் வரப்போகிறது.

சரி, கலப்பது என்றால் என்ன? நம் உடலின் பெரும்பாலான செல்களில் 46 குரோமோசோம்கள்: அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23. இரண்டு முழுச் செல்கள் சேர்ந்தால் 92 ஆகிவிடும், அது நடக்காது. எனவே சேர்வதற்கு முன் பாதியாக்க வேண்டும். இதற்கான செல் பிரிதலைக் குன்றல் பகுப்பு என்கிறோம். பாதியாக்குவதோடு அது நிற்பதில்லை. அப்பா வழி வந்ததும் அம்மா வழி வந்ததுமான இணைக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பிறகு 23 இணைகளிலும் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயலாக முடிவாகிறது. துண்டு மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே ஒரே ஆணிடம் 83,88,608 விதமான விந்தணுக்கள் சாத்தியம். 84 லட்சம் யோனி பேதம் என்று நம் மரபில் சொல்லும் எண்ணுக்கு இது மிக அருகில் வருவது தற்செயல்தான். ஆனால் நினைவில் வைக்க உதவும். அம்மாவின் பக்கமும் அதே எண்ணிக்கை என்பதால், ஒரே தம்பதிக்கு 70 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வாய்க்கின்றன. உடன்பிறந்தோர் இருவர் ஒன்றுபோல இல்லாததற்குக் காரணம் இந்தக் கணக்கு. இரட்டையரில் அச்சாக ஒன்றுபோல் இருப்பவர்கள் விலக்கு. அவர்கள் கருவுற்ற ஒரே முட்டை பிறகு இரண்டாகப் பிரிந்ததால் வந்தவர்கள்.

இந்தக் கலப்புக்கும் விலை உண்டு, அதுவும் கணிசமான விலை. ஆண் ஈனுவதில்லை. தானே பெருகும் பெண் இரண்டு மகள்களை ஈன்றால் இருவரும் ஈனுவார்கள். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தால் ஒருத்திதான் ஈனுவாள். பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் இதை இருமடங்கு விலை என்று சுட்டிக்காட்டினார். அப்படியும் பெரும்பாலான விலங்குகளும் தாவரங்களும் பாலினப்பெருக்கத்தை விடவில்லை. நோய்க்கிருமிகள் வேகமாக மாறும்போது ஓடி ஒளிய இடம் தருவது கலப்பு. தலைமுறை தலைமுறையாகச் சேரும் மரபுப் பிழைகளைக் களைந்தெறிய வழி தருவதும் கலப்பு. விளக்கங்களுக்குள் எதற்கு எவ்வளவு எடை என்பதில் உயிரியலாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. வாழைத் தோட்டங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் முதல் காரணத்தின் எடை எனக்குக் கூடுதலாகவே தெரிகிறது.

ஆண் இல்லாமலும் சில முதுகெலும்பு விலங்குகள் பிறக்கின்றன. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில் ஆணையே பார்த்திராத ஒரு கொமோடோ உடும்பு இட்ட முட்டைகளில் கரு வளர்ந்திருப்பது 2006இல் தெரியவந்தது. தேனீக்களில் ஆண் ஈக்குத் தந்தையே கிடையாது. கருவுறாத முட்டையிலிருந்து அது வருகிறது. ஆனால் பாலூட்டிகளில் இயற்கையாக இப்படி நடப்பதில்லை. 1984இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழுவும், பிலடெல்பியாவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் எலிக் கருக்களில் இதற்கான காரணத்தைக் காட்டினார்கள். தாயின் மரபுப் பொருள் மட்டும் இரட்டிப்பாக இருந்தால் கரு ஓரளவு வளர்கிறது, நஞ்சுக்கொடி தேறுவதில்லை. தந்தையுடையது மட்டும் இரட்டிப்பானால் நஞ்சுக்கொடித் திசு பெருகுகிறது, கரு தேறுவதில்லை. சில ஜீன்கள் அப்பாவிடமிருந்து வந்தால் மட்டும் வேலை செய்யும், வேறு சில அம்மாவிடமிருந்து வந்தால் மட்டும். முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதன் முழு வடிவத்தில் இருப்பது தந்தை வழி மரபுப் பொருள் மட்டுமே. அதனால்தான் குழந்தை இல்லாமல் திராட்சைக் கொத்துப் போன்ற திசு மட்டும் வளர்கிறது.

விந்தணுவை மனிதர் முதலில் பார்த்தது 1677இல். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹுக், தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். கற்றவர்களுக்கு அருவருப்பாகவோ அவதூறாகவோ தோன்றினால் வெளியிடாமல் விட்டுவிடலாம் என்ற வேண்டுகோளும் அதில் இருந்தது. வெட்கத்தை மீறி அவர் எழுதினார் என்பதால்தான் நமக்குத் தெரிகிறது. ஆனாலும் விந்தணு என்ன செய்கிறது என்று விளங்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின. 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையில் இரண்டு உட்கருக்கள் ஒன்றாவதைக் கண்டார். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அந்த முட்டை இல்லாவிட்டால் இன்னும் தாமதமாகியிருக்கும்.

இப்போது ஆணின் உடலுக்கு வருவோம். விந்தகங்கள் இரண்டும் கருவில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் இறங்கி, அடிவயிற்றைக் கடந்து, விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. உடலின் முக்கியமான உறுப்பு ஒன்றை வெளியே தொங்கவிடுவது ஆபத்தான ஏற்பாடு. அதன் காரணம் வெப்பம். மனிதனில் விந்தணு சரியாக உருவாக, உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். இதற்காக அங்கே மூன்று ஏற்பாடுகள் ஒன்றாக வேலை செய்கின்றன. குளிரில் தசை சுருங்கி விந்தகத்தை உடலோடு ஒட்டி இழுக்கும். சூட்டில் தளர்ந்து இறக்கிவிடும். விதைப்பையின் தோல் சுருங்கி விரியும். கீழே இறங்கும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலையாகப் பின்னியிருப்பதால், உள்ளே வரும் சூடான ரத்தம் வெளியே போகும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தான் விந்தகத்தை அடைகிறது. எல்லா உயிர்க்கும் இதே விதி என்று நினைத்துவிட வேண்டாம். யானைக்கு விந்தகங்கள் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. பறவைகளுக்கும் உள்ளேதான், அதுவும் நம்மைவிடச் சூடான உடலில். ஏன் சில விலங்குகளுக்கு வெளியே தேவைப்பட்டது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி.

நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் ஒரு விந்தகமாவது இறங்காமல் இருக்கும். பலருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் சிறிய அறுவை சிகிச்சை செய்வது நல்லது. தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம். விந்தகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடும். 'வளர்ந்தா சரியாயிடும்' என்று காத்திருப்பது இந்த விஷயத்தில் தவறு.

விந்தகத்தின் உள்ளே சுமார் 250 அறைகள், ஒவ்வொன்றிலும் தலைமுடி போலச் சுருண்ட நுண்குழல்கள். நீட்டிப் போட்டால் மொத்தம் சில நூறு மீட்டர் வரும். குழலின் சுவரில் மூலச் செல்கள் வெளிவிளிம்பில் இருக்கின்றன. பிரிந்து, குன்றல் பகுப்பைக் கடந்து, நடுப்பகுதியை நோக்கி நகர்ந்தபடியே விந்தணுவாக உருமாறுகின்றன. இந்தப் பயணம் முழுக்க அவற்றைத் தாங்கி ஊட்டுபவை 1865இல் என்ரிக்கோ செர்டோலி விவரித்த செல்கள். குழல்களுக்கு இடையில் இருக்கும் லீடிக் செல்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். இந்த ஓர் எண்ணை மட்டுமாவது எல்லா ஆண்களும் மனதில் வைத்துக்கொள்ளலாம். இன்று எடுக்கும் பரிசோதனை காட்டுவது இரண்டரை மாதத்துக்கு முன் தொடங்கிய வேலையின் விளைவு. கடும் காய்ச்சல் வந்து போனால் அதன் தாக்கம் வாரங்கள் கழித்துத் தெரியும். புகையை நிறுத்தினால் அதன் பலனும் உடனே தெரியாது.

செர்டோலி செல்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அவை ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ரத்தத்துக்கும் வளரும் விந்தணுக்களுக்கும் நடுவே தடுப்பு எழுப்புகின்றன. எது நம்முடையது, எது அந்நியம் என்று நோய் எதிர்ப்பு மண்டலம் கற்றுக்கொள்வது குழந்தைப் பருவத்தில். விந்தணுக்களோ வயதுக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகத் தோன்றுகின்றன. தடுப்பு இல்லையென்றால் சொந்த உடலே அவற்றை எதிரியாக நினைத்துத் தாக்கும்.

விந்தகத்திலிருந்து வெளிவரும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற குழாயில், சுமார் ஆறு மீட்டர் நீளம் சில சென்டிமீட்டருக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடக்க எடுக்கும் சில நாட்களில்தான் அது முதிர்கிறது. அங்கிருந்து விந்து நாளம் மேலேறி, சிறுநீர்ப்பையைச் சுற்றி, புராஸ்டேட் சுரப்பியின் உள்ளே சிறுநீர் வடிகுழாயோடு சேர்கிறது. வழியில் சேரும் திரவங்களே விந்தின் பெரும்பகுதி. விந்துப்பைகள் பாதிக்கு மேல் தருகின்றன. விந்தணுவுக்கு எரிபொருளான ஃப்ரக்டோஸ் அதில் இருக்கிறது. புராஸ்டேட் கால்பங்கை ஒட்டித் தருகிறது. கெட்டிப்பட்ட விந்தைச் சற்று நேரத்தில் நீர்க்கச் செய்யும் நொதி அதனுடையது. கௌப்பர் சுரப்பி சில சொட்டுகள் சேர்க்கிறது. விந்தணுக்கள் மொத்த அளவில் சிறு பங்குதான், ஆனாலும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் கோடிக்கணக்கில் இருக்கும்.

இதை நடத்துவது மூளை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது; பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முன்னது லீடிக் செல்களுக்கு, பின்னது செர்டோலி செல்களுக்கு. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மூளை உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. உடம்பு ஏற்றுவதற்கு டெஸ்டோஸ்டிரோன் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி போடும்போது, ரத்தத்தில் தாராளமாக இருக்கிறதே என்று மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது. விந்தகத்தின் உள்ளே தேவைப்படும் டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. அதை வெளியிலிருந்து போடும் ஊசி ஈடுகட்டாது. உள்ளூர் உற்பத்தி நின்றதும் விந்தணு உற்பத்தியும் நிற்கிறது, விந்தகங்கள் சுருங்குகின்றன. ஊசியை நிறுத்தினாலும் மீண்டு வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போட்டது அப்பாவாகும் வாய்ப்பைப் பறிக்கிறது. பயிற்சியாளர் இதைச் சொல்வதில்லை.

பொய் வைத்தியத்தின் அடித்தளமும் இந்த அறியாமைதான். நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்ற நம்பிக்கை நம் நாட்டில் ஆழமாகப் பரவியிருக்கிறது. மேலே பார்த்த கணக்குப்படி விந்தின் பெரும்பகுதி சுரப்பித் திரவம், சில மில்லிலிட்டர், அதில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் மிகச் சொற்பம். உறக்கத்தில் வெளியேறுவது வளரிளம் பருவத்தில் இயல்பு. சுய இன்பத்தால் நரம்பு தளராது, முதுகெலும்பு தேயாது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. வெளியேறாத விந்தணுக்களையும் உடல் உடைத்து உறிஞ்சிக்கொள்கிறது, உற்பத்தி நிற்பதில்லை. இருந்தும் விந்து போய்விட்டது என்ற கவலையால் களைப்பும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வந்து மருத்துவரிடம் போகும் இளைஞர்கள் ஏராளம். 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் இதற்குத் தாது நோய்க்குறி என்று பெயர் சூட்டினார். அவர்களின் வேதனை உண்மையானது. அதற்கான மருந்து சரியான விளக்கமும் மனநல உதவியும். 'சொப்பன ஸ்கலிதமா? நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்டு, இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் சந்திக்கலாம் என்று அழைக்கும் விளம்பரங்கள் பிழைப்பது அந்தப் பயத்தில். பாலுறவுத் திறனை மேம்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

பெண்ணின் உடலுக்குள் போன பிறகு கோடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடுகின்றன. கருக்குழாயில் முட்டைக்கு அருகே வந்து சேர்வது சில நூறுதான். அவையும் வந்தவுடன் முட்டையைத் துளைக்க இயலாது. பெண்ணின் உடல் திரவங்களில் சில மணி நேரம் இருந்து தகுதி பெற வேண்டும். வேகமாக ஓடி முதலில் வருபவன் வெல்லும் பந்தயம் என்ற சித்திரம் அதனால் பொருந்தாது. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம், முட்டை ஒரு நாளுக்குள் காலாவதியாகிவிடும். விந்தணுக்களில் ஏறக்குறைய பாதியில் எக்ஸ் குரோமோசோம், மீதியில் ஒய். முட்டையில் எப்போதும் எக்ஸ் மட்டுமே. ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற ஜீனை லண்டன் ஆய்வாளர்கள் 1990இல் கண்டறிந்தார்கள். விந்தகமாகவோ சினைப்பையாகவோ ஆகப்போகும் உறுப்பு ஆறு ஏழு வாரம் வரை ஆண் பெண் கருக்களில் ஒரே மாதிரி இருக்கிறது; அந்த ஜீன் இயங்கியதும் அது விந்தகமாகத் திரும்புகிறது. பெண் குழந்தை பிறந்ததற்கு மருமகளைக் குற்றம் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. முடிவு விந்தணுவோடு வருகிறது, அதிலும் அப்பாவின் விருப்பத்துக்கு இடமில்லை.

குழந்தை இல்லாத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆணின் பக்கக் காரணம் தனியாகவோ கூடவோ இருக்கிறது. ஆனால் நம் ஊரில் முதலில் ஸ்கேனுக்குப் போவது பெண், முதலில் கோயில் சுற்றுவது பெண், முதலில் பேச்சு வாங்குவதும் பெண். விந்துப் பரிசோதனை மலிவானது, வலியில்லாதது, ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி குறைந்தபட்ச அளவுகோல்: அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் 42 சதவீதம் அசைவுள்ளவை. இதற்குக் கீழே வந்தால் குழந்தை பிறக்காது என்று பொருள் அல்ல. ஒரு முறை குறைந்து வந்தால் சில வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். விதைப்பைச் சிரைகள் புடைத்துக்கொள்ளும் வேரிகோசீல் நூறு ஆண்களில் சுமார் பதினைந்து பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் இடப்பக்கம். மேலே சொன்ன குளிரூட்டும் வலை பழுதாவதால் அது உற்பத்தியைக் கெடுக்கலாம், சிகிச்சையும் உண்டு. எண்ணிக்கை மிகவும் குறைவு என்றாலும், ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை 1992இல் பிரஸ்ஸல்ஸில் வெற்றிகண்ட பிறகு வழி திறந்திருக்கிறது.

பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒன்று. வயதுக்கு வரும் பருவத்தில் விந்தகம் தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் அறுபடலாம். திடீரென்று கடும் வலி, வாந்தி, சில சமயம் வயிற்றுவலி என்றே பையன் சொல்வான். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். தாமதமானால் எடுத்துவிட வேண்டியிருக்கும். வெட்கத்தால் காலை வரை சொல்லாமல் இருந்துவிடுவதால் எத்தனையோ பேர் இழக்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று பெயர் சொல்லிச் சொல்ல அவனுக்கு முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும்.

கடைசியாகக் கருத்தடை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியத் தம்பதிகளில் பெண்களின் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருப்பவர்கள் 37.9 சதவீதம், ஆண்களுடையதை நம்பியிருப்பவர்கள் 0.3 சதவீதம். எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்து முகாமில் ஒரே மாதத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். அடுத்து வந்த நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய அறுவை சிகிச்சைகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. அது திரும்பவே இல்லை. பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறந்து செய்யும் வேலை. ஆணுக்கு, 1974இல் சீன மருத்துவர் லி ஷுன்ச்சியாங் உருவாக்கிய முறையில், மரத்துப்போகும் ஊசி போட்டுத் தோலில் ஒரு சிறு துளை, தையல் இல்லை, இருபது நிமிடம். அதைத்தான் அரசு மருத்துவமனைகளில் தழும்பில்லாத வாசக்டமி என்று இலவசமாகச் செய்கிறார்கள். விந்து நாளத்தை மட்டுமே வெட்டிக் கட்டுகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் அந்த நாளம் வழியாகப் போவதில்லை. நேராக ரத்தத்தில் கலக்கிறது. எனவே குரல், தாடி, ஆசை, விறைப்பு, கடின வேலை எதுவும் மாறாது. விந்தின் அளவும் குறைந்ததாகத் தெரியாது, ஏனென்றால் அது சுரப்பிகளின் திரவம். உருவாகும் விந்தணுக்களை உடலே உறிஞ்சிக்கொள்ளும். வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே சேர்ந்திருப்பவை காலியாக மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு தடுப்போ தொடர வேண்டும். விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று அறிக்கை வந்த பிறகுதான் நிறுத்தலாம்.